உறுப்பைத் தருவேன், உடலைத் தர மாட்டேன்

ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு உடற்கூறியல் வகுப்பு முடியும் கடைசி வாரத்தில், ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, பெயர் குறிப்பிடாமல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரச் சொல்வது என் வழக்கம். மூளைச்சாவு (மூளை மீள முடியாதபடி செயலிழந்து, கருவியால் மட்டும் மூச்சு ஓடும் நிலை) அடைந்தால் உங்கள் உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதமா என்பது முதல் கேள்வி. இறந்த பிறகு உங்கள் முழு உடலையும் ஒரு மருத்துவக் கல்லூரிக்குத் தருவீர்களா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பெரும்பாலான தாள்களில் தயக்கமின்றிச் ‘சம்மதம்’ என்று இருக்கும். சிலர் அதற்கு அடிக்கோடும் போட்டிருப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு வரும்போது அதே கையெழுத்து சுருங்கிப்போகும். ‘யோசிக்க வேண்டும்’, ‘வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’, ‘இல்லை’ என்று ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். இந்தத் தாள்களை நான் ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எண்ணிக் கணக்குப் போட்டதும் இல்லை. படித்துவிட்டு, ஆண்டு வாரியாகக் கட்டி, துறை அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒரு தாளை மட்டும் கட்டிலிருந்து உருவித் தனியே எடுத்து வைத்தேன். முதல் கேள்விக்குச் ‘சம்மதம்’ என்று எழுதியிருந்த அந்த மாணவரோ மாணவியோ, இரண்டாவது கேள்விக்கு, நாங்கள் உடல்களை அறுத்துப் படிக்கும் ஹாலைக் குறித்து இப்படி எழுதியிருந்தார்: ‘ஓராண்டாக இந்த ஹாலில் நான் பார்த்தது என் அம்மாவுக்கு நடக்க விட மாட்டேன்.’

உடல் தானம் குறைவாக இருப்பதற்கு விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். பொதுமக்களைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் தானமாக வந்த உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை மருத்துவ மாணவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அவர்கள் மறுப்பது அறியாமல் மறுப்பது ஆகாது. அறிந்துதான் மறுக்கிறார்கள். அவர்கள் எதை அறிந்தார்கள் என்று அவர்களிடம் கேட்பதற்கு முன்பு எங்களிடம், அதாவது அந்த ஹாலை நடத்துகிறவர்களிடம், கேட்டாக வேண்டும்.

நான் 1998-ல் தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தவள். முதல் நாள் காலை, உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியில் கண்ணெரிச்சலோடு வரிசையாக நின்றோம். துருப்பிடித்த இரும்பு மேசைகள். மேசைக்கு இருபது பேர். உடலைத் தொட்டியிலிருந்து தூக்கி வந்து போட்ட அட்டெண்டர், அவரவர் மேசையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மேசையில் கிடந்தவர் அறுபது வயதைக் கடந்த, ஒடிசலான மனிதர். இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தது, ஆனால் எழுத்து கலைந்துபோயிருந்தது. யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, காறை எலும்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு கோடு என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். நாங்கள் கத்தியை எடுத்தோம்.

இரண்டாவது வாரத்துக்குள் அவருக்கு ஒரு நடிகரின் பெயரை வைத்துவிட்டோம். பயத்தை மறைக்க அப்படிச் செய்தோம் என்று பின்னாளில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை, ஆனால் நாங்கள் செய்தது தவறு. அறுத்தெடுத்த கொழுப்பையும் தோலையும் மேசைக்கடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் போடுவோம். எல்லா மேசைகளின் வாளிகளும் மாலையில் ஒரே இடத்தில் கொட்டப்பட்டன. உடலின் மீது புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தோம். ஓராண்டில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனார். ஆண்டு முடிந்ததும் அவரில் மிஞ்சியது எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை. ஒருவரும் சொல்லவும் இல்லை. அவர் யார் என்று அட்டெண்டரிடம் நான் ஒரே ஒரு முறை கேட்டேன். ‘ரயில்வே ஸ்டேஷன்ல கெடந்த பெருசும்மா, ஆள் இல்லை’ என்றார்.

ஆள் இல்லை என்பதுதான் அந்த ஹாலின் அடித்தளம். 1951-ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம், உரிமை கோரி யாரும் வராத உடல்களை மருத்துவக் கல்விக்காகக் கல்லூரிகளிடம் ஒப்படைக்க வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாக நம் மாநிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் பெரும்பாலும் இப்படி வந்த உடல்களில்தான் படித்தார்கள்: நடைபாதையில் இறந்தவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரோ தூக்கி வந்து போட்டுவிட்டுப் போனவர்கள், ஊர்விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தா, சாதிக் கட்டுப்பாட்டை மீறி மனித உடலை அறுத்துப் பார்த்ததை இந்திய மருத்துவ வரலாற்றின் பெரிய தாண்டலாகச் சொல்வோம். அதில் எனக்கும் பெருமை உண்டு. பிணத்தைத் தொடுவதில் இருந்த தடை அன்றே உடைந்தது. ஆனால் நம் வீட்டுப் பிணத்தைத் தருவதில் இருந்த தடை அப்படியே நின்றது. மேசையில் கிடப்பது ஏழையின் உடல், கத்தி பிடிப்பது படித்தவனின் கை என்ற ஏற்பாட்டைப் பதினேழு வயதில் உள்ளே நுழையும் மாணவர் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொள்கிறார். அந்த மேசையில் தன் தாயைக் கற்பனை செய்து பார்க்கும்படி நாம் கேட்கும்போது, வறுமையால் மட்டுமே ஒருவர் போய்ச் சேரும் இடத்துக்கு அவரை அனுப்பச் சொல்வதாகத்தான் அவருக்குப் படுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய மனநிலை என்றும் சொல்ல முடியாது. உடல்கள் முறைப்படி தானமாகவே வரும் அயர்லாந்தில் மருத்துவ மாணவர்களிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. அறுத்துப் படிக்கத் தொடங்கும் முன்பு, தங்கள் உடலைத் தரத் தயார் என்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவராக இருந்தார்கள். சில வாரங்கள் ஹாலில் இருந்த பிறகு அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்துபோனது. மேசைக்கு அருகில் வர வர மனம் விலகுகிறது. பிறர் தர வேண்டும் என்ற கருத்து மாறுவதில்லை. தான் தர வேண்டும் என்பதுதான் ஆட்டம் காண்கிறது. இதைப் போலித்தனம் என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பார்த்தபின் பதறாத மனம் மருத்துவத்துக்கு உகந்தது என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் உறுப்பு தானத்துக்கு மட்டும் ஏன் இத்தனை எளிதாகச் சம்மதம் வருகிறது? அதன் காட்சியே வேறு என்பது ஒரு காரணம். விளக்கொளி நிறைந்த அறுவைக் கூடம், மறுமுனையில் பெயரும் முகமும் உள்ள நோயாளி, சில மணி நேரத்தில் முடிந்து தையலிட்டு வீட்டாரிடம் திரும்பும் உடல், அதன்பின் கொள்ளி, காரியம், எல்லாம் வழக்கப்படி. நம் மாநிலத்தில் இந்தக் காட்சிக்கு ஒரு முகமும் உண்டு. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி வழியமைத்துச் சென்னை நகரின் குறுக்கே கொண்டுசெல்லப்பட்ட அவனுடைய இதயம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டதைத் தமிழ்நாடே பார்த்தது. இன்று என் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது. பிறகு 2014-ல் டிரான்ஸ்டான் எனப்படும் உடல் உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் அறிவித்தார். சில நாட்களிலேயே தேனி மாவட்டத்தில் ஒரு வருவாய்த் துறை ஊழியருக்கு அந்த மரியாதை செலுத்தப்பட்டது. தானம் தந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, மாலையிட்டு அனுப்பும் ஒரு வழக்கம் நம் கண்முன்னே உருவாகியிருக்கிறது. ஹாலின் மேசையில் கிடந்தவருக்கு அதில் ஒன்றுகூட இருந்ததில்லை.

ஆனால் முதல் கேள்விக்கு வரும் அந்தச் சம்மதத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. அது பதினெட்டு வயதின் நல்ல மனத்திலிருந்து வருகிறது. மூளைச்சாவு என்றால் என்ன என்ற தெளிவிலிருந்து வருவதில்லை. இறுதியாண்டு மாணவர்களிடம் பேசும்போதுகூட மூளைச்சாவையும் கோமாவையும் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். ‘ஒருவேளை திரும்பி வந்துவிட்டால்?’ என்ற ஐயம் அவர்களுக்கும் இருக்கிறது. அந்த ஐயத்தை வெளியே சொன்னால் மருத்துவம் தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்று விழுங்கிக்கொள்கிறார்கள்.

என்னிடம் படித்து, பிறகு ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இருந்த ஒருவன் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். தலைக்கவசம் இல்லாமல் விபத்தில் சிக்கிய இளைஞன் ஒருவன் ஐ.சி.யூ.வில் இருந்தான். மூளைச்சாவுப் பரிசோதனைகள் தொடங்கவிருந்தன. அவனுடைய தகப்பனார், விவசாயி, வராந்தாவில் என் மாணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நெஞ்சு ஏறி எறங்குதே தம்பி, உசுரு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?’ என்று கேட்டிருக்கிறார். ‘எனக்கும் அப்படித்தான் தோணுச்சு மேடம். பதில் வரலை’ என்றான்.

உள்ளே போய் நின்று பார் என்று சொன்னேன். சட்டம் கேட்பது என்ன என்பதை அவன் புத்தகத்தில் படித்திருந்தான்: நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதனை, உறுப்பு மாற்று அணியைச் சேர்ந்த எவரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் விதிகளும் வகுத்திருக்கும் ஒழுங்கு அது. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்நீர் செலுத்தினால் விழி அசைகிறதா, தொண்டையைத் தூண்டினால் குமட்டலோ இருமலோ வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதற்கும் பதில் இல்லை. கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி, மூச்சுக் குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் செலுத்திக்கொண்டு, நெஞ்சைப் பார்த்தபடி நின்றார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளைத் தண்டில் ஒரு துளி உயிர் இருந்தாலும் மூச்சிழுக்கச் சொல்லி உத்தரவு வந்தே தீரும். அந்த நெஞ்சு அசையவே இல்லை. ‘அந்தப் பத்து நிமிஷமும் நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் மேடம். அதுக்கப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லை’ என்றான்.

மறுநாள் அந்தக் குடும்பம் தானத்துக்குச் சம்மதிக்கவில்லை. மாணவனுக்கு அதில் வருத்தம். எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கல்லீரலும் இரண்டு சிறுநீரகங்களும் யாருக்காகவோ காத்திருந்தன என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தகப்பனாரின் முன்னால், நம்பிக்கையோடு பேசத் தெரிந்த ஒரு மருத்துவர் அன்று உருவாகிவிட்டார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். உறுப்பு தானம் குறித்து மருத்துவ மாணவர்களின் மனப்பான்மை ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாளைக்கு வராந்தாவில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். தானத்துக்கான பேச்சை எடுப்பது பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரின் வேலையாக இருக்கலாம். ஆனால் குடும்பத்தார் முதலில் ஓடி வந்து கேட்பது வெள்ளைக் கோட்டு அணிந்து அருகில் நிற்கும் சின்னப் பையனிடமும் பெண்ணிடமும்தான். தனக்கே சந்தேகம் இருந்தால் அது முகத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வியையும் மாணவர்கள் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இறக்கும் ஏழையின் உறுப்பு பணக்காரருக்குப் போய்விடுமோ என்ற கேள்வி அது. சென்னை வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்ற ஏழைகள் அத்தனை பேர் என்பதால் ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயரே ஒரு காலத்தில் வழங்கிய மாநிலம் நம்முடையது. அந்த வியாபாரத்தைத் தடுக்கத்தான் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பதிவும் வரிசையும் முறைப்படி நடப்பதைச் சொல்லி விளக்குகிறேன். அதே சமயம், கேட்டது தவறு என்று மட்டும் சொல்வதில்லை. இந்தக் கேள்வியை வகுப்பறையில் கேட்க முடியாத மாணவர், அதே ஐயத்தோடு நாளைக்கு ஒரு குடும்பத்தின் முன் நிற்பார்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் வீட்டில் நடந்ததை எழுதாமல் போனால் அது நேர்மையாகாது.

கவிஞர் இன்குலாப் 2016 டிசம்பரில் காலமானபோது அவருடைய உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தரப்பட்ட செய்தியை அப்பா நாளிதழில் படித்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்சி எதிலும் இல்லாதவர், கோயிலுக்குப் போகிறவர். அன்று மாலை என்னிடம், ‘நமக்கும் இப்படிச் செஞ்சிரலாம்மா’ என்றார். ‘பார்க்கலாம்ப்பா’ என்றேன். 2018 ஜனவரியில் பத்திரிகையாளர் ஞாநியின் உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனபோது மறுபடியும் கேட்டார். மறுபடியும் ‘பார்க்கலாம்’ என்றேன். எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு வந்தவள் நான். சொந்த அப்பா தானாக முன்வந்து கேட்டபோது படிவத்தைக் கொண்டுவந்து கொடுக்க எனக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று. எனக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம். எந்த வாரம் எந்தப் பகுதி என்ற அட்டவணையை எழுதுகிறவளே நான்தானே. மார்பும் கையும் முதலில், பிறகு தொடை, பிறகு வயிறு, கடைசியில் முகமும் கழுத்தும். அப்பாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அட்டவணையின் கடைசித் தாள் நினைவுக்கு வந்தது.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. ‘துணி போட்டிருப்பாங்களா?’

பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டேன். நான் படித்த காலத்தில் போட்டிருக்கவில்லை. நான் ஆசிரியராகச் சேர்ந்த பிறகும் நெடுநாள் போட்டிருக்கவில்லை. அறுக்கும் பகுதி தவிர மற்றவற்றைத் துணியால் மூட வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை என்பதை இன்றும் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். அடுத்த வாரமே எங்கள் துறையில் மேசைக்கு இரண்டு வெள்ளைத் துணிகள் வாங்கினோம். இன்றுவரை எங்கள் ஹாலில் முகமும் இடுப்பும் மூடித்தான் இருக்கும். அந்தப் பகுதியைப் படிக்கும் நாளில் மட்டும் விலக்குவோம், முடிந்ததும் மூடுவோம். அம்மாவிடம் அதைச் சொன்ன பிறகுதான் அவர் சரி என்றார்.

அப்பா 2019-ல் வீட்டிலேயே உறக்கத்தில் இறந்தார். கண் வங்கியிலிருந்து வந்து சில மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துச் சென்றார்கள். இறப்புச் சான்றும் வாரிசுகளின் கையெழுத்தும் தயாராக இருந்ததால் காலையிலேயே உடலைக் கொண்டுபோக முடிந்தது. நான் வேலை செய்யும் கல்லூரிக்குக் கூடாது என்று முன்னமே சொல்லியிருந்ததால் வேறு மாவட்டத்துக் கல்லூரிக்குப் போனோம். கொள்ளி வைக்கப் பிள்ளை இருக்கும்போது இது என்ன வழக்கம் என்று சித்தப்பா கடைசி வரை கோபமாக இருந்தார். சாம்பல் இல்லாமல் எதைக் கொண்டுபோய்க் கரைப்பது என்று அண்ணனும் திகைத்து நின்றான். பதினாறாம் நாள் காரியத்தைப் படத்தை வைத்துச் செய்தோம். சித்தப்பா அதற்கு வந்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஹாலுக்குத் திரும்புகிறேன். 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மனப்பான்மை, அறம், உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனிப் பாடங்களைச் சேர்த்தது. அவற்றில் ஒன்று, மேசையில் கிடக்கும் உடலை நம் முதல் ஆசிரியராகப் பார்ப்பது பற்றியது. முதல் நாள் மாணவர்கள் உடலின் முன் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் காலையில் உறுதிமொழி எடுத்துவிட்டு மதியம் வாளிகளை ஒன்றாகக் கொட்டினால், உறுதிமொழி இல்லாமல் இருந்ததைவிட அது மோசமான பாடமாகிவிடும். எங்கள் ஹாலில் இப்போது மேசைக்கு ஒரு மூடியுள்ள கலம் இருக்கிறது. அந்த உடலிலிருந்து எடுத்த எதுவும் அந்தக் கலத்தைத் தாண்டிப் போகாது, ஆண்டு முடிவில் உடலோடு சேர்த்தே அடக்கம் செய்கிறோம். தானமாக வந்த உடலென்றால், குடும்பத்தார் சம்மதித்தால், அவருடைய தொழிலையும் ஊரையும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். கைப்பேசி உள்ளே வராது. இவற்றைச் செய்யப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தைவானில் ட்சூ சி பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள், உடலில் கத்தி வைப்பதற்கு முன்பு தானம் தந்தவரின் வீட்டுக்குப் போய் அவருடைய வாழ்க்கையைக் கேட்டு எழுதுகிறார்கள். அந்தப் பெயரோடும் கதையோடும் படிக்கிறார்கள். முடிந்ததும் வெட்டிய இடங்களைத் தாங்களே தைத்து மூடி, குடும்பத்தாரோடு சேர்ந்து வழியனுப்புகிறார்கள். மௌன ஆசிரியர் என்று அழைக்கிறார்கள். அங்கே உடல் தானம் பெருகியதற்கு இந்த நடத்தைக்கும் பங்கு உண்டு என்று நான் எண்ணுகிறேன். பக்கத்திலேயே இலங்கையில், ஹட்சன் சில்வா மருத்துவ மாணவராக இருக்கும்போதே 1958-ல் கண் தானம் கேட்டு நாளிதழில் எழுதினார். பிறகு அவருடைய தாய் இறந்தபோது அந்தத் தாயின் கண்ணையே தானமாகத் தந்தார். 1961-ல் அவர் தொடங்கிய கண் தானச் சங்கம் வழியே இலங்கையின் கருவிழிகள் உலகெங்கும் போயின. ஒரு மாணவரின் மனப்பான்மையால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று தெரியவில்லை. ஊரிடம் கேட்டதை அவர் தன் தாயின் கண்ணிலிருந்து தொடங்கினார் என்பதை மாணவர்களிடம் தவறாமல் சொல்கிறேன்.

மாணவர்களை மேடையேற்றி, மொத்தமாகப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகளுக்கு இப்போதெல்லாம் நான் போவதில்லை. வாழும்போது போட்ட கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் இறந்த பின் நடைமுறையில் முடிவெடுப்பது பக்கத்தில் நிற்கும் குடும்பம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்ட படிவம், வேண்டிய நேரத்தில் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மாணவர்களுக்குத் தெரியாத சின்ன விவரங்களும் பல. விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலைக் கல்லூரிகள் ஏற்பதில்லை. உறுப்புகளை எடுத்த உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண் தானம் மட்டும் தடையில்லை. ஆகவே உறுப்பா உடலா என்பது பெரும்பாலும் நாம் தேர்வு செய்வதில்லை, நாம் எப்படி இறக்கிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். அதனால் அரைத்தாளில் மூன்றாவது கேள்வி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: ‘இதை வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா?’ பலரும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு இப்போதும் ‘இல்லை’ என்றே நிறையப் பேர் எழுதுகிறார்கள். அவர்களை மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இல்லை. ‘பார்க்கலாம்’ என்று நான் எடுத்துக்கொண்ட காலத்தை அவர்களுக்கும் தரலாம். ஆனால் காரணங்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. ‘பார்த்ததால் வேண்டாம்’ என்ற வரி கடைசியாக எந்த ஆண்டுக் கட்டில் இருந்தது என்று நினைவில்லை. ‘அம்மா அழுவாள்’ என்று எழுதுகிறார்கள். அது எனக்குப் புரிகிறது.

கடந்த ஆண்டு வகுப்பில் அப்பாவைப் பற்றி முதன்முறையாகச் சொன்னேன். எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் நின்று, ‘அப்பாவை எந்த மேசையில வச்சிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?’ என்று கேட்டாள். தெரியாது. பதப்படுத்திய உடல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்; எந்த வகுப்பு, எந்த மேசை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் துறையில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அவளுடைய எண் என் கைப்பேசியில் இருக்கிறது.